எச்.ஆர். மக்களோட 2025

மாசாமாசம் கூடுவோமுங்க: பவுண்டரி, மில், பம்ப்செட்டு, ஐ.டி.ன்னு கோயம்புத்தூர் எச்.ஆர். ஆளுங்க. தீபாவளி வரைக்கும் போனஸ் பேச்சும், ஊருக்குப் போன வடக்கத்திப் பசங்க திரும்பலையேங்கற புலம்பலும்தான்.

நவம்பர் 21ல பழைய 29 சட்டத்துக்குப் பதிலா நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துச்சு. கூட்டமே மாறிப்போச்சு. பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்துற வித்தை (ஊருக்கே தெரிஞ்ச ரகசியம் :-)) இனி பலிக்காது. அலவன்ஸ் பாதியைத் தாண்டுனா, தாண்டுனதும் சம்பளக் கணக்குல சேரும், கிராஜுவிட்டி ஏறும். வேலையை விட்டவங்களுக்கு ரெண்டே வேலை நாள்ல சம்பளப் பாக்கியைக் குடுக்கணும்.

"ஏனுங்க, மொதலாளிகிட்ட யாரு சொல்றது?"ன்னாரு ஒருத்தர். யாரும் சிரிக்கல. 2009 செப்டம்பர்ல ப்ரிக்கால் எச்.ஆர். அதிகாரி ராய் ஜார்ஜ் தொழிற்சாலைக்குள்ளயே தாக்கப்பட்டு இறந்ததை மூத்தவங்க இன்னும் மறக்கல.

டிசம்பர் கூட்டத்துக்கு எல்லாரும் கால்குலேட்டரோட வந்தாங்க.