கறை சொன்னதற்கு மேல் சொல்லாதவர்

யார்மீதாவது பழி சொல்ல நா எழும்போது, பவுல் ஊலன்ஹூத் என்ற ஜெர்மானிய மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. கொலை வழக்குகளில் ரத்தக்கறையைப் பேச வைத்தவர் அவர்.

1898-ல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் அருகே ஒரு கிராமத்தில் இரண்டு சிறுமிகள் கொலையுண்டார்கள். லுட்விக் டெஸ்னோவ் என்ற தச்சன் பிடிபட்டான். உடையில் கறை இருந்தது. 'மரத்துக்குப் பூசும் சாயம்' என்றான். மறுக்க ஆதாரம் இல்லை, விட்டுவிட்டார்கள். 1901 ஜூலையில் பால்டிக் கடலின் ரூகன் தீவில் அண்ணன் தம்பி இருவர், சின்னஞ்சிறுவர்கள், அதேபோல் கொல்லப்பட்டார்கள். அங்கும் டெஸ்னோவ் இருந்தான். அதே சாயக்கதையைச் சொன்னான். அந்தக் கொலைகளுக்குச் சில வாரங்கள் முன்பு அதே தீவில் யாரோ ஆடுகளையும் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

மனித ரத்தத்தையும் விலங்கு ரத்தத்தையும் பிரித்தறியும் சோதனையை ஊலன்ஹூத் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். முயலுக்கு மனித ரத்தத்தைச் சிறிது செலுத்தினால், அதை எதிர்க்கும் பொருள் முயலின் ரத்தத்தில் ஊறும். அந்த ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த திரவத்தைப் பிரித்தெடுப்பார். துணியில் காய்ந்த கறையை உப்புநீரில் கரைத்து, இரண்டையும் கண்ணாடிக் குழாயில் சேர்ப்பார். மனித ரத்தமானால் தெளிந்த நீர் கலங்கும். ஆடு மாடுகளின் ரத்தமானால் கலங்காது. ஆட்டு ரத்தத்தைக் கண்டறிய வேறு சீரம்.

தன்னிடம் வந்த டெஸ்னோவின் உடைகளில் ஏறக்குறைய நூறு கறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சில கறைகள் மனித ரத்தம், சில ஆட்டு ரத்தம் என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தார். 'இது அந்தச் சிறுவர்களின் ரத்தம்' என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். ஆனால் சோதனை அவ்வளவு தூரம் போகாது. போகாத இடத்தில் அவரும் நின்றுகொண்டார். அப்படி அடக்கமாக அவர் சொன்ன சொல் நீதிமன்றத்தில் நின்றது.

பிறகு வந்த ரத்தப் பிரிவுச் சோதனைக்கும் இதே ஒழுக்கம்தான். பிரிவு பொருந்தாவிட்டால் 'இவருடையது அல்ல' என்று உறுதியாகச் சொல்லலாம்; பொருந்தினால் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்த வேண்டும்.

1986-ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், ஒரு சிறுமியைக் கொன்றதாகப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டான். ஒப்புதல் கையில் இருந்தும் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானியின் டி.என்.ஏ. சோதனைக்குப் போனார்கள். சடலத்தில் கிடைத்த தடயம் பையனின் ரத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. அவன் விடுதலையானான். பிறகு ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். கொலையாளி தனக்குப் பதில் வேறொருவனை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்தான். அந்த ரகசியம் கசிந்து அவன் சிக்கினான்; 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றான். குற்றவாளியைக் காட்டுமுன் அந்தச் சோதனை ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது.

வீட்டில் மோதிரம் காணவில்லை என்றால், வேலைக்கு வரும் பெண்ணின்மேல்தான் முதல் பார்வை விழுகிறது. 'அவள் அந்த அறைக்குள் போனாள்' என்பதுதான் நாம் கண்டது. 'அவள்தான் எடுத்தாள்' என்பது நாமாக ஒட்டவைத்தது. அவள் கண்ணீர் விட்டால் அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக்குகிறோம். பயத்தில் செய்யாத குற்றத்தையே ஒருவன் ஒப்புக்கொள்வான் என்றால், கண்ணீரைக் கொண்டு எதை முடிவு செய்ய முடியும்?

கண்டதைச் சொல்லுங்கள், காணாததைச் சேர்க்காதீர்கள். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒருவர் மானம் உங்கள் வாயில் இருக்கும்போது அதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய நியாயம்.