சங்கு ஊதாத நேரம்

எங்கள் ஊர்ப் பெருமாளுக்குச் சங்கு வலது கையில் இருக்கும். மற்ற ஊர்களில் சக்கரம் இருக்கிற கை அது. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர், அதனால் கை மாற்றிக்கொண்டார் என்று மணிமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் காரணம் சொல்வார்கள். ஆயாவுக்கு அந்தக் காரணம் போதாது. "சக்கரம் சுத்திக்கினே இருக்கும்டா. எப்பவாச்சும் அத்த ஒரு ஓரமா வெச்சிட்டு நிக்கணும். பெருமாளுக்கே அது தெரிஞ்சிருக்கு, உங்கப்பனுக்குத்தான் தெரியல" என்பாள்.

அப்பாவுக்குத் தெரிந்த சங்கு வேறு. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பி, சைக்கிளை டீக்கடையில் போட்டுவிட்டு, தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சங்கு ஊதின பிறகு கேட்டுக்குள் கால் வைத்தால் அரை நாள் சம்பளம் போச்சு. அதனாலோ என்னவோ, லீவு நாளிலும் அவரால் ஐந்து மணிக்கு மேல் படுக்க முடியாது. சாப்பிடும்போதும் வலது கால் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது சங்கை 1998 மே மாதம் கிஷ்கிந்தாவில் கேட்டோம்.

தாம்பரத்தை ஒட்டி, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லிக்கொள்ளும்படியான இடத்தில், 1995-இல் அந்தப் பூங்கா திறந்தது. திறந்தவர் மலையாளப் படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். 1984-இல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். அந்தப் படத்தில் ஒரு பாட்டில் பிள்ளைகள் சுவரில் ஏறி, மேற்கூரையில் தலைகீழாக நடந்து, எதிர்ச் சுவர் வழியாக இறங்குவார்கள். அதற்காக ஓர் அறையையே செய்து சக்கரம்போல் சுற்றவிட்டுப் படம் பிடித்தார்கள். அப்படிச் சுற்றவிடத் தெரிந்தவர் பூங்கா கட்டினால் எப்படி இருக்கும் என்று எங்கள் வகுப்பில் மூன்று வருஷம் பேச்சு. போய் வந்தவர்கள் கதை சொன்னார்கள். போகாதவர்கள் அதைவிடப் பெரிய கதை சொன்னார்கள்.

அந்த வருஷம் போனஸில் மிச்சம் பிடித்து அப்பா எங்களைக் கூட்டிப் போனார். நான், தங்கை, அம்மா, ஆயா. கிளம்புவதற்கு முந்தின இரவு அப்பா ஒரு ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டார். எதில் முதலில் ஏறுவது, எதை வெயிலுக்கு முன்னால் முடிப்பது, எதற்கு எத்தனை நிமிஷம். ஐந்து பேர் டிக்கெட் காசைக் கூட்டி, ஏறப்போகிற ராட்டினங்களின் எண்ணிக்கையால் வகுத்தார். "இத்தன ஏறினாத்தான் போட்ட காசு வரும்" என்றார். லேத்தில் ஒரு பீஸுக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்த்த கை. வேறு எப்படிப் பார்க்கும்?

உள்ளே போனதும் ஓட்டம் தொடங்கியது. ஒன்றிலிருந்து இறங்கும்போதே அடுத்த வரிசையின் நீளத்தை அப்பா கண்ணால் அளந்துவிடுவார். அம்மா இரண்டு கையிலும் எங்கள் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மூன்றாவது ராட்டினத்தில் தங்கை வாந்தி எடுத்தாள். அப்பா அவள் வாயைக் கழுவிவிட்டு, பட்டியலை எடுத்து, பேனாவால் ஒரு கோடு போட்டார்.

ஆயா எதிலும் ஏறவில்லை. அலைக்குளத்தின் ஓரத்தில் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குளத்தில் அலை வருவதற்கு முன்னால் சங்கு ஊதும். முதல் தடவை ஊதியபோது அப்பா சட்டென்று நிமிர்ந்து இடது மணிக்கட்டைப் பார்த்தார். நனையாமல் இருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தார். வெறும் கையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அலைக்குளத்தின் சூட்சுமம் எளிமையானது. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். பெரிய விசிறிகள் அவற்றுக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை அமுக்கும், விடும், அமுக்கும். அந்த உதைப்பு அலையாகக் கரைக்கு வரும். இயந்திரம் ஓயாமல் ஓடாது. கொஞ்ச நேரம் அலை, கொஞ்ச நேரம் சும்மா. அலை நின்றதும் கூட்டம் "ச்சே" என்று கரையேறி அடுத்ததைப் பார்க்க ஓடும். குளம் காலியாகிவிடும்.

அப்படிக் காலியான ஒரு நேரத்தில் ஆயா எழுந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மெல்ல இறங்கி, கணுக்கால் நனைய நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள். ஏரியில் இறங்கினால் என்ன செய்வாளோ அதையேதான் செய்தாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஆயா, அலை முடிஞ்சிடுச்சு" என்றேன். "அதாண்டா வந்தேன்" என்றாள்.

அப்பா தூரத்திலிருந்து கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் வந்தார். அடுத்த சங்கு ஊதுகிறவரை மூன்று பேரும் அந்தத் தண்ணீரில் நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை. அப்பாவின் கால் ஆடாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியும். பாசி பிடித்த கல்லில் உட்கார்ந்தால் தானாக வழுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் விழலாம். விழுந்து, எழுந்து, சுற்றி வந்து, மறுபடி விழலாம். வரிசை இல்லை, நேரம் இல்லை. பசித்தால் வீட்டுக்குப் போவோம். பெரியவர்கள் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியின் படையை முறியடித்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்கிறது. துரத்தியவன் பெயரும் ஓடியவன் பெயரும் வரலாற்றில் நின்றுவிட்டன. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எந்தச் செப்பேடும் எழுதவில்லை.

அந்தக் கலங்கல் தண்ணீர் போய்ச் சேர்வது அடையாற்றில். 2015 டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியபோது, மேலே நிரம்பி வழிந்த ஏரிகளில் எங்கள் ஏரியும் இருந்தது. எங்களுக்கு விளையாட்டாக இருந்த தண்ணீர் கீழே இருந்தவர்களின் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு நின்றது. அதற்குப் பிறகு கலங்கல் வழிகிறது என்றால் யாரும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "எத்தனை அடி?" என்று கேட்கிறார்கள்.

ஊரும் வேறு கதிக்கு மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. நெல் விளைந்த இடங்களில் வரிசை வரிசையாக வாடகை அறைகள். விடியற்காலையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பாதித் தூக்கத்தில் பையன்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இப்போது சங்கு ஊதுவதில்லை. விரல் ரேகை வைக்கிற கருவி நிமிஷத்தைப் பிடித்துவிடுகிறது. அப்பா திண்ணையிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிஷ்கிந்தா இப்போது இல்லை, மூடிவிட்டார்கள். ஆயாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததும் என் பிள்ளைகள் நச்சரித்தார்கள். போனோம். முந்தின இரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனில் பட்டியல் போட்டேன். எதில் கூட்டம் குறைவு, எதற்கு எத்தனை நிமிஷம், வரிசையைத் தாண்டிப் போகிற டிக்கெட்டுக்குக் கூடுதலாக எவ்வளவு. ஜாப் கார்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூங்கா என்றாலே ஓட்டம் என்று யார் சொன்னது? கோபன்ஹேகனில் 1843-இல் திறந்த டிவோலி இன்றும் நடக்கிறது. ராட்டினத்துக்குச் சமமாகப் பூந்தோட்டமும் குளமும் பாட்டுக் கச்சேரியும் அங்கே உண்டு. டிஸ்னிலாந்தை 1955-இல் திறப்பதற்கு முன் வால்ட் டிஸ்னி நேரில் போய்ப் பார்த்த இடம் அது. உட்காரவும் ஆள் வருவான் என்று தெரிந்து கட்டியிருக்கிறார்கள். நமக்குத்தான் காசு கொடுத்த இடத்தில் சும்மா உட்கார்ந்தால் உடம்பு கூசுகிறது.

மத்தியானத்துக்கு மேல் மகள் வரிசையிலிருந்து விலகிப் போய் ஒரு மர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, கொஞ்ச நேரம் ஒண்ணும் பண்ணாம இருக்கலாமா?" என்றாள். போனைப் பைக்குள் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலே அலறிக்கொண்டே போகிறவர்களை வேடிக்கை பார்த்தோம். பாதிப் பட்டியல் அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்: "கிஷ்கிந்தா போனோமே, அன்னைக்கு எத்தனை ராட்டினம் ஏறினோம்?" கொஞ்சம் யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார். "ஆயா தண்ணியில நின்னாளே?"

"மஞ்சப் புடவை" என்றார் உடனே. "முழங்கால் வரைக்கும் செருகியிருந்தா. தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு."