பேய்க்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்?

அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளில் இரண்டு படங்கள் பார்த்தேன். ஒன்று, சிரிப்பும் கண்ணீருமாகப் போகிற அமெரிக்கப் படம் 'தி ஹோல்டோவர்ஸ்' (2023). மற்றது, 'பூதகாலம்' (2022) என்கிற மலையாளப் பேய்ப்படம். ஒன்றுக்கொன்று ஸ்நானப்ராப்தி கிடையாது. ஒன்றில் பனி கொட்டுகிறது, மற்றதில் கதவு தானாகத் திறக்கிறது. ஆனால், இரண்டுக்குள்ளும் ஒரே சங்கதிதான் ஒளிந்திருக்கிறது. வீட்டில் ஒருத்தருக்கு மனசு சரியில்லை, அதை வெளியே சொல்ல முடியவில்லை.

முதலில் அமெரிக்கா. 1970 டிசம்பர். நியூ இங்கிலாந்து பக்கம், பணக்காரப் பையன்கள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, போக்கிடமில்லாத சில பையன்கள் மட்டும் பாக்கி. அவர்களிலும் ஒருத்தனுடைய அப்பா ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, மற்ற பையன்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். அனுமதி கேட்க அம்மாவை போனில் பிடிக்க முடியாத ஒரே காரணத்தால் ஆங்கஸ் என்கிற பையன் மட்டும் மாட்டிக்கொள்கிறான். கூடவே யாருக்கும் பிடிக்காத சரித்திர வாத்தியார், சமையல்கார அம்மாள். மூன்று பேர், ஒரு பெரிய காலிக் கட்டடம், இரண்டு வாரம். கதை அவ்வளவுதான்.

வாத்தியாராகப் பால் ஜியாமட்டி. மாறுகண். எந்தக் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று பையன்களுக்குக் குழப்பம். உடம்பில் சாயங்காலமானால் மீன் நாற்றம், அதற்கும் ஒரு மருத்துவக் காரணம் உண்டு. இப்படி ஒருத்தரை வைத்து நம் ஊரில் இரண்டரை மணி நேரம் கிண்டல் செய்து அனுப்பியிருப்பார்கள். டைரக்டர் அலெக்ஸாண்டர் பெய்ன் சிரிக்கவும் வைக்கிறார், அந்த ஆளை விட்டும் கொடுக்கவில்லை. படத்தை டிஜிட்டலில் எடுத்து, பிறகு பழைய பிரிண்ட் மாதிரி புள்ளியும் கீறலும் சேர்த்திருக்கிறார்கள். நாம் காசு செலவழித்து 'பராசக்தி'யின் கீறல்களை நீக்கப் பார்க்கிறோம், அவர்கள் காசு செலவழித்துக் கீறுகிறார்கள்.

சமையல்கார மேரியாக வரும் டவைன் ஜாய் ராண்டால்ஃப் 2024-ல் ஆஸ்கர் வாங்கினார். அவருடைய மகன் அதே பள்ளியில் படித்தவன். காலேஜுக்குப் பணமில்லை, பட்டாளத்தில் சேர்ந்தான், வியட்நாமில் செத்துப்போனான். இதைச் சொல்லி அந்த அம்மாள் புலம்புவதே இல்லை. சிகரெட் பிடித்துக்கொண்டு டி.வி. பார்க்கிறார். பிறகு ஒருநாள், கர்ப்பமாயிருக்கும் தங்கை வீட்டில், மகன் குழந்தையாயிருந்தபோது போட்ட துணிகளையும் குட்டி ஷூக்களையும் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். வசனம் கிடையாது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என்னை ரொம்ப நேரம் தூங்கவிடாதது அந்தப் பையன் விஷயம். அப்பா செத்துவிட்டார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். பாஸ்டன் போகிற இடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் நழுவப் பார்த்து அகப்படுகிறான். கடைசியில் டாக்ஸி போய் நிற்கிற இடம், மனநல மருத்துவமனை. அப்பா உயிரோடுதான் இருக்கிறார். மகன் ஸ்கூலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ரகசியமாக அவன் பக்கம் சாய்கிறார். என்னவோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று அவன் ஆசையாகக் குனிய, சாப்பாட்டில் இவர்கள் எதையோ கலக்கிறார்கள் என்கிறார். அந்த இடத்தில் பையனின் முகத்தைப் பாருங்கள். டொமினிக் செஸ்ஸாவுக்கு அதுதான் முதல் படம். படப்பிடிப்பு நடந்த பள்ளிகளில் ஒன்றில் மாணவனாக இருந்தவரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

செத்துவிட்டார் என்று சொல்வது சௌகரியம், இல்லையா? நம் குடும்பங்களிலும் யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன ஒரு சித்தப்பா, ஃபோட்டோ எடுக்கும்போது மட்டும் உள்ரூமில் இருக்கிற ஓர் அத்தை. யாராவது கேட்டால் 'அவருக்கு உடம்புக்கு முடியலை' என்போம். எந்த உடம்பு, என்ன முடியலை என்று மேற்கொண்டு கேட்கக் கூடாது.

மறுநாள் ராத்திரி 'பூதகாலம்'. கதாநாயகி நம்ம ரேவதி. 'மண்வாசனை'யிலும் 'மௌன ராக'த்திலும் பார்த்த பெண்தானா என்று இருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு களைப்பு. இதற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது வாங்கினார். ஸ்கூல் டீச்சரம்மா, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகன் ஷேன் நிகம், ஃபார்மஸி படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவன். வெளியூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால் அம்மா விடுவதில்லை. சாதாரண வாடகை வீடு. பங்களா இல்லை, சரவிளக்கு இல்லை, கறுப்புப் பூனை இல்லை. பாட்டி செத்துப்போகிறாள். அதற்கப்புறம் பையனுக்கு வீட்டில் என்னென்னவோ சத்தம் கேட்கிறது.

படத்தின் முதல் பாதியில் பேய் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. அம்மாவும் பிள்ளையும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போடுகிறார்கள், பிறகு பேசாமல் இருக்கிறார்கள். அதுவே போதுமான திகில். அவன் சொல்வதை ஒருத்தரும் நம்புவதில்லை. குடிக்கிறான் என்கிறார்கள், அம்மாவுக்கு இருக்கிறதுதானே பிள்ளைக்கும் வரும் என்கிறார்கள். பார்க்கிற நமக்கும் அவனை நம்புவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் தெரிவதில்லை.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசியில் பேய் நிஜமாகவே இருக்கிறது. டைரக்டர் ராகுல் சதாசிவன் அதை நன்றாகவே பயமுறுத்த வைத்திருக்கிறார், குறைசொல்ல முடியாது. ஆனால், எனக்கு அங்கேதான் ஒரு நெருடல். பேய் வந்ததால் பையன் பிழைத்தான். அவன் சொன்னது பொய்யில்லை, அவனுக்குப் பைத்தியமில்லை என்று பேயே சாட்சி சொல்லிவிட்டது. சாட்சி சொல்லப் பேய் வராத வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? (இதே ராகுல், 2024-ல் மம்மூட்டியை வைத்து 'பிரமயுகம்' என்று முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தார். அதையும் பாருங்கள், பகலில்.)

நம் ஊர்ப் பேய்கள் வேறு ஜாதி. அவை பயமுறுத்த வருவதில்லை, மனு கொடுக்க வருகின்றன. 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2014-ல் 'அரண்மனை' என்று வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் காமெடியன்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். இடைவேளைக்குப் பிறகு பேய் தன் ஃப்ளாஷ்பேக்கை விவரமாக எடுத்து வைக்கும். நிலத்தை அபகரித்தார்கள், குடும்பத்தோடு கொன்றார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய மனுவை, உயிரோடிருந்தபோது கொடுக்க முடியாமல், செத்த பிறகு ஹீரோவிடம் கொடுக்கிறது. பேய்க்கு ஃப்ளாஷ்பேக் வந்த கணமே பயம் போய்விடும். பாவம் என்று தோன்றிவிட்டதை எப்படிப் பயப்படுவது? ஆனாலும், 'காஞ்சனா'வில் சரத்குமார் திருநங்கையாக வரும் பகுதியை நான் கேலி செய்ய மாட்டேன். அதுவரை விசிலடித்த தியேட்டர் அந்தப் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது.

பேயே இல்லாத பேய்ப்படம் ஒன்றும் நமக்கு வந்தது. ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்', 1993. காரியத்தைச் சீக்கிரம் முடிக்க பிரியதர்ஷன், சிபி மலையில், சித்திக்–லால் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் இரண்டாவது யூனிட் பார்த்த படம். அதில் மோகன்லால் டாக்டர். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற பெண்ணுக்கு இருப்பது வியாதி என்று கண்டுபிடித்து, மந்திரவாதியையும் கூட்டு சேர்த்துக்கொண்டு குணப்படுத்துகிறார். தமிழில் 2005-ல் 'சந்திரமுகி' ஆகி, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ரஜினி சிரித்தார், வடிவேலு சிரிக்க வைத்தார், ஒரு பாம்பும் வந்தது. ஒரே ராத்திரியில் தீர்கிற மனநோய் சினிமாவில் மட்டும்தான் உண்டு, போகட்டும். இது பேயில்லை, வியாதி என்று ஒரு சூப்பர்ஸ்டார் சொல்லி ஊரே கைதட்டிப் பார்த்ததே, அதன் விளைவு என்ன தெரியுமா? கோபக்கார மனைவிக்கு வைக்க நமக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது.

அதற்கு நாலு வருஷம் முன்னால் இதே தமிழ்நாட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. பேய் பிடித்திருக்கிறது, தர்காவில் வைத்தால் சரியாகும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகள், பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் இருந்தார்கள். விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். சத்தம் கேட்டவர்களுக்கு அது வழக்கமான கூச்சல் என்றுதான் தோன்றியிருக்கும். சங்கிலி போடவே கூடாது, எந்த ரூபத்திலும் கூடாது என்று 2017-ல் வந்த மனநலச் சட்டத்தின் 95-வது பிரிவு சொல்கிறது. எந்தத் தமிழ்ப் பேயும் இந்த 28 பேரின் ஃப்ளாஷ்பேக்கோடு இதுவரை எனக்கு வந்து காட்சி தரவில்லை.

'தி ஹோல்டோவர்ஸ்' பார்ப்பதாக இருந்தால் ஓர் இடத்தைத் தவறவிடாதீர்கள், கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். வாத்தியாரின் மாத்திரை பாட்டில் பையன் கண்ணில் படுகிறது. பெயரைப் படிக்கிறான். அவனும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறான். ஐம்பது வயசைத் தாண்டியவரும் பதினேழு வயசுப் பையனும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். வயலின் வாசிக்கவில்லை. அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள்.