பொருளும் பார்வையும்

வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை எழுத்தர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "தம்பி, 'பொருள்' முன்னே பின்னே இருக்கலாம். 'பார்வை' இல்லாமல் கடிதம் அனுப்பாதே." முன் கடிதத்தின் எண்ணும் தேதியும் பார்வையில் இருந்தால்தான், பதில் வரும்போது பழைய கோப்பைத் தேடி எடுத்து நாடாவில் கோக்க முடியும். இல்லாவிட்டால் அது அநாதைக் கடிதம்.

இந்தப் பாடத்தை ஓய்வு பெற்ற பிறகு நானே மறந்தேன்.

பூர்வீக வீட்டை விற்பது பற்றி உடன்பிறந்தோர் ஐவரும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் எழுத, மற்றவர் பதில் போட, எல்லாம் ஒரே சரமாக வந்தது. நானும் தினமும் அந்தச் சரத்தை மட்டும் திறந்து பார்ப்பேன். கடைசித் தங்கையிடமிருந்து ஒரு வரியும் இல்லை. 'அவளுக்கு அக்கறை இல்லை போலிருக்கிறது' என்று நினைத்து, வீட்டுச் சாமான்களைப் பழைய மரச்சாமான் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன். கூடத்து ஊஞ்சலும் அதில் போயிற்று.

பத்திரப் பதிவன்று தங்கை வந்தாள், கையெழுத்துப் போட்டாள், சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

"ஒரு கடிதம் கூட எழுதாதவளுக்குக் கோபம் மட்டும் வருகிறது" என்று மகனிடம் குறைப்பட்டேன். அவன் என் ஜிமெயிலில் தேடும் கட்டத்தில் அவள் பெயரை அடித்தான். வந்து நின்றது, மூன்று வாரத்துக்கு முந்தைய கடிதம். 'அண்ணாவுக்கு' என்று தலைப்பு. "அம்மா என்னை மடியில் வைத்து ஆட்டிய ஊஞ்சல். அது மட்டும் எனக்கு வேண்டும் அண்ணா. லாரி வாடகை நான் தருகிறேன்." விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே, திறக்கப்படாமலே கிடந்தது.

மகன் விளக்கினான். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நம் கண்ணில் படாத தனி எண் உண்டாம். 'ரிப்ளை' அழுத்தினால், எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று அந்த எண்ணும் கூடவே போகும். 1982-ல் வந்த மின்னஞ்சல் விதிகளிலேயே இது இருக்கிறதாம். அட, நம்ம 'பார்வை'தானே இது! தங்கை புதுக் கடிதமாக எழுதியதால் பார்வை இல்லை, தலைப்பும் வேறு. தலைப்பை மாற்றினாலும் ஜிமெயில் சரத்தைப் பிரித்துவிடும். ஒரே சரத்தில் 100 கடிதங்களைத் தாண்டினாலும் புதிதாகத் தொடங்கிவிடும்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பழைய விஷயத்துக்குப் பதில் என்றால் ரிப்ளையை அழுத்துங்கள், தலைப்பைத் தொடாதீர்கள். ஒருவர் பதில் எழுதவில்லை என்று தோன்றினால், முதலில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சரம் அறுந்து வந்த கடிதங்களுக்கெல்லாம் ஒரே லேபிள் ஒட்டிவிட்டால், கோப்பில் கோத்த மாதிரி ஓரிடத்தில் கிடைக்கும். இதற்கெல்லாம் முன்னால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

வியாபாரியிடம் ஓடினேன். பலகை விற்றுப் போயிருந்தது. பித்தளைச் சங்கிலி மட்டும் மூலையில் கிடந்தது. கேட்ட விலை கொடுத்து வாங்கி, புளி போட்டுத் துலக்கி, தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு, "சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணா" என்றாள்.