அழுத்தம் இறக்கும்போது எழுதிவைத்தவை

பழைய ஆட்டோகாக்கர். பட் ஓர் என்பவர் உருவாக்கிய பெயின்ட்பால் மார்க்கர். முன்னால் ஒரு குட்டி ரெகுலேட்டர், ராம், பின்னால் ஓடித் திரும்பும் கட்டை. வேலை முழுக்க வெளியே தெரிகிறது. இதனால்தான் இதை விட மனம் வருவதில்லை.

முகக்கவசம் முதலில். மேசையில் உட்கார்ந்து சுட்டாலும்.

சிலிண்டருக்குள் 4500 பி.எஸ்.ஐ. அதன் வாயிலேயே 850 ஆகிவிடுகிறது. மார்க்கரின் ரெகுலேட்டர் தாண்டினால் 400. இதை 300க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

சாய உருண்டை .68 அங்குலம். 3 கிராம். வேகம் அளக்கும் குரோனோவில் விநாடிக்கு 280 அடி காட்டினால் அதில் இருப்பது 11 ஜூல்.

இந்த 11 ஜூலுக்குத்தான் இத்தனை காற்றும்.

ரெகுலேட்டரைக் கால் சுற்று இறக்கினேன். வேகம் ஏறியது.

மறுபடி கால் சுற்று. மறுபடி ஏறியது. அப்புறம் சரசரவென்று விழுந்தது. அந்த உச்சியில்தான் நிறுத்த வேண்டும்.

ஏன் ஏறுகிறது? வால்வை மூடுவது ஸ்பிரிங் மட்டும் இல்லை. பின்னால் நிற்கும் காற்றும் தள்ளுகிறது. அழுத்தம் கூடக்கூட, சுத்தியல் அடித்துத் திறந்த வால்வு சட்டென்று சாத்திக்கொள்கிறது. உருண்டைக்குக் காற்று போய்ச் சேர நேரமில்லை.

இறக்கியதும் குரோனோவை நம்பக் கூடாது. பழைய அழுத்தம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். இரண்டு மூன்று வெறும் சூடு விட்டுவிட்டுப் பார்க்கணும்.

உச்சி கிடைத்த பிறகு வேகத்தைச் சுத்தியல் ஸ்பிரிங்கில் சரிசெய்வது. பின்பக்கத் துளைக்குள் அலன் கீ. ஸ்பிரிங்கைத் தொட்டால் உச்சியும் நகர்ந்துவிடும். திரும்பவும் ரெகுலேட்டர். திரும்பவும் ஸ்பிரிங்.

அழுத்தம் குறைவு, காற்றுச் செலவு குறைவு. இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. குறைந்த அழுத்தத்தில் அதே 11 ஜூலைக் கொடுக்க வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். வழி அகலமாக வேண்டும். அறை பெரிதாக வேண்டும்.

சத்தம் மாறிவிட்டது. முன்பு 'டக்'. இப்போது கனமாக, கொஞ்சம் இழுத்து.

1.1 லிட்டர் சிலிண்டர். 4500க்கு நிரப்பினால் வெளிக்காற்றுக் கணக்கில் ஏறக்குறைய 300 லிட்டர். அதில் 1500 உருண்டை போனால், ஒரு சூட்டுக்கு ஒரு டம்ளர் காற்று.

அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். முள் 4500ஐத் தொடும். ஆறியதும் இறங்கிவிடும். மெதுவாக நிரப்புகிறவருக்குக் காற்று கூடுதலாகக் கிடைக்கிறது, செலவே இல்லாமல்.

1981 ஜூன் 27. நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கர். முதல் பெயின்ட்பால் ஆட்டம், 12 பேர். கையில் நெல்ஸ்பாட் 007; மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் வைக்கச் செய்த கருவி. ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், காட்டு வேலை தெரிந்தவர். ஒரு தடவைகூடச் சுடவில்லை.

அவர்களுக்கு இருந்தது 12 கிராம் கரியமில வாயுக் குப்பி. வாயுவின் அழுத்தத்தை வானிலைதான் முடிவு செய்யும். 0 டிகிரியில் 500, 20 டிகிரியில் 830.

உருண்டையைப் பேரலின் பின்வாயில் வைத்தேன். தானாக உருண்டு வெளியே வந்தால் பேரல் பெரிது. நிற்கணும், வாயால் ஊதினால் போகணும். இரவு மழை பெய்திருந்தால் ஜெலட்டின் தோல் லேசாக உப்பும். அன்றைக்கு வேறு பேரல்.

ரெகுலேட்டரை மணிக்கணக்காகத் திருகுகிறவர்கள் இந்த ஊதிப் பார்ப்பதைச் செய்வதில்லை. உருண்டையைச் சுற்றி ஓடிவிடும் காற்றை எந்தத் திருகாணியும் மீட்டுத்தராது.

பேரலில் முதல் 8 அங்குலம் போலத்தான் தள்ளும் வேலை. மிச்சம் துளைபோட்ட குழாய்.

முன்பக்கக் குட்டி ரெகுலேட்டர். கட்டையைப் பின்னுக்கு இழுக்க எவ்வளவு போதுமோ அவ்வளவே. இறக்கிக்கொண்டே போனேன், இழுக்கத் தடுமாறும் வரை. அங்கிருந்து ஒரு துளி ஏற்றினேன். இப்போது உருண்டை விழும் வாசலில் நீட்டிய பேனாவின் மேல் போல்ட் வந்து முட்டி நிற்கிறது. பேனாவில் கீறல்கூட இல்லை.

முதல் சூடு 292. அடுத்தது 279. அதற்கடுத்தது 280.

ஒரு நிமிஷம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டேன். மறுபடி 290ஐத் தாண்டியது.

மார்க்கரின் ரெகுலேட்டர் ஊர்கிறது. மூடியும் முழுதாக மூடாமல், அழுத்தம் நூலிழையாக ஏறுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டேன் போல, அதனால் வேகமும் ஏறுகிறது. வால்வை எவ்வளவு சீராக்கினாலும் இது போகாது.

சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய காற்றைச் சுட்டு வெளியேற்றிய பிறகே திருகுமறையில் கை.

ரெகுலேட்டருக்குள் இருக்கையின் நடுவில் ஒரு வளையத் தடம். நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறது. ஓரிடத்தில் மட்டும் தடம் விட்டுப்போயிருக்கிறது. அங்கே ஒரு பொடி உலோகத் துணுக்கு.

துடைத்தேன். இருக்கையைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கம் புதிதாகவே இருக்கிறது. ஓ-ரிங்கில் பளபளப்பு தெரியும் அளவுக்கு கிரீஸ். எண்ணெய் வேண்டாம்.

நாளைக்கு: சூட்டுக்குச் சூடு ஒரு நிமிஷம் விட்டு, பத்து எண்கள். முதலில் அது. 300க்குக் கீழே போவதெல்லாம் அப்புறம்.