உத்தரவாதம்

எனது கணினியின் வன்தட்டு ஈராண்டில் செயலிழந்தது. உத்தரவாதம் மூன்றாண்டு. ஆகவே, பம்பலப்பிட்டியில் வாங்கிய கடையிலேயே ஒப்படைத்தேன். மூன்று வாரங்களின் பின்னர் வேறொன்று தந்தார்கள். பழுதுபார்த்துச் சோதிக்கப்பட்டதென அதன்மேல் சிறிய ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"இது எவரோ திருப்பிக்கொடுத்ததல்லவா?" என்றேன்.

"பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஐயா" என்றார் கடைக்காரர்.

வாசித்தேன். உண்மைதான். புதியதே தருவோமென எங்கும் இல்லை. எஞ்சிய ஓராண்டே இதற்கும் உத்தரவாதம். அது பெரிதல்ல. கொடுத்த தட்டு திரும்பி வராது என்ற வரிதான் என்னை உறுத்தியது. என்னை நம்பித் தகவல் தந்தோரின் பெயர்கள் அதில் இருந்தன. இயங்காத தட்டிலும் எழுத்துகள் எஞ்சியிருக்கலாம்.

இனியொரு தட்டு பழுதானால் உத்தரவாதத்தைத் துறந்து, தட்டை நானே வைத்துக்கொள்வேன். அவர்களுக்கு நான் அளித்த உத்தரவாதத்துக்குக் காலவரையறை இல்லை.