மூடிய புத்தகமும் திறந்த செவியும்

தை பிறந்துவிட்டால் வடலூரில் இரண்டு ஆயத்தங்கள் ஒருங்கே நடைபெறும். ஒன்று, சத்திய ஞான சபைக்குத் தைப்பூச சோதி தரிசனம் காண வரும் பெருந்திரளை வரவேற்கும் ஆயத்தம். மற்றொன்று, அரசுப் பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளின் இல்லங்களில் நடைபெறும் ஆயத்தம். முன்னதில் மகிழ்ச்சி நிறைந்திருக்கும். பின்னதில் பெரும்பாலும் அச்சமே குடியிருக்கும். திருப்புதல் தேர்வின் விடைத்தாள்கள் வீடு வந்து சேரும் காலமும் அதுவே.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மைக் காணக் குருமனைக்கு வந்தார். அவருடைய கணவர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் பத்தாம் வகுப்பு மாணவி.

"சாமி, பிள்ளை விடிய விடியப் படிக்கிறாள். ஆனாலும் சமூக அறிவியலில் முப்பத்தெட்டுதான் வாங்கியிருக்கிறாள். அவளுக்காக ஒரு பூசை வையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் அப்பா மறுக்கமாட்டார்" என்றார்.

பூசை வைப்பதாக உடனே ஒப்புக்கொண்டோம். இரண்டாவது வேண்டுகோளுக்கு விடையளிக்கத் தயங்கினோம். அத்தயக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்காமல் கூறுவதே முறை.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஒரு தந்தை இதே கேள்வியோடு நம்மிடம் வந்தார். மகன் பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் மதிப்பெண் பெற்றிருந்தான். "கணிதமும் உயிரியலும் உள்ள பிரிவில் சேர்த்துவிடுங்கள், பொறியியலோ மருத்துவமோ, எந்தக் கதவும் அடைபடாது" என்று, ஒரு குவளை காப்பி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு வழங்கிவிட்டோம். அச்சிறுவன் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததாக நமக்கு நினைவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் இரு பாடங்களில் தவறினான். வெட்கத்தால் கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். நெடுநாள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவனைச் சந்தித்தோம். துணைத் தேர்வு எழுதித் தேறி, பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பயிற்சி முடித்து, நல்ல நிலையில் இருந்தான். கசப்பு ஏதுமின்றி அவன் சொன்னது இது: "சாமி, சிறு வயதிலிருந்தே எனக்கு மோட்டார், கம்பி என்றால் உயிர். பத்தாம் வகுப்பு முடிந்ததுமே ஐ.டி.ஐ.க்குப் போயிருப்பேன். அன்று நீங்களும் அப்பாவும் பேசினீர்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை."

பிறர் நமக்கு விதித்த தவமுயற்சிகள் பல மறந்துபோயின. அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை.

ஆகவே இம்முறை அந்தத் தாயிடம், "அம்மா, மாலையில் மகளை அனுப்பிவையுங்கள். முதலில் நாம் அவளிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும்" என்று மட்டும் கூறினோம்.

சிறுமி புத்தகமும் கையுமாக வந்தாள். எவ்வாறு படிக்கிறாய் என்று கேட்டோம். ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை வாசிப்பதாகவும், முக்கியமான வரிகளுக்கு வண்ணக்கோடு இடுவதாகவும் சொன்னாள். பக்கங்களெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தன. புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, "முதல் உலகப்போர் எதனால் மூண்டது? உனக்குத் தெரிந்தவாறு சொல்" என்றோம். ஒரு வாக்கியம் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினாள். "நான்கு தடவை படித்தேனே ஃபாதர்" என்று சொல்லும்போதே கண்கள் கலங்கிவிட்டன.

அவளைத் தேற்றுவது நமக்கு எளிதாக இருந்தது. ஏனெனில் நாமும் அவ்வழியே வந்தவர்கள்தாம். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நாள்களில், எழுத்துத் தேர்வைக் காட்டிலும் வாய்மொழித் தேர்வுக்கே அதிகம் அஞ்சுவோம். பேராசிரியரின் எதிரே வெறுங்கையோடு அமர்ந்து கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். வாசித்ததெல்லாம் நம்முடையது ஆகிவிடாது என்பதை அந்த நாற்காலி நமக்குக் கற்பித்தது. அதன்பின் இருவர் இருவராக நடந்துகொண்டே ஒருவரையொருவர் வினவிப் படிக்கத் தொடங்கினோம். அவ்வாறு படித்தவை இன்றும் நினைவில் நிற்கின்றன.

குருமடத்தில் பழக்கமாகக் கண்டதை உளவியலாளர் ஆய்வாகவே செய்து காட்டியிருக்கின்றனர். கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885-ஆம் ஆண்டிலேயே அளந்து எழுதினார். 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் மாணவர்களிடையே ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு சாரார் வாசித்தபின் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதன்று. வாரங்கள் கழித்தே வருவது. நம் பிள்ளைகள் பலர் இரவெல்லாம் விழித்து வாசித்தும் தேர்வறையில் திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். உறக்கத்தின்போதுதான் மனம் பகலில் கற்றதை நிலைப்படுத்துகிறது என்பதால், விடிய விடிய விழிப்பது இரட்டை இழப்பு.

இடைவெளி விட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக நினைவுகூர்வதே நல்ல திருப்புதல். வடலூர்ப் பிள்ளைக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒரே நாளில் மலையளவு விறகை அடுக்கியதால் அது எரியவில்லை. நாள் தவறாமல் யாரோ ஒருவர் விறகு இட்டதால் எரிகிறது. அதைச் சொன்னதும் சிறுமி சிரித்தாள். "அப்படியானால் தினமும் யார் ஃபாதர் என்னைக் கேள்வி கேட்பார்கள்?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு அவள் தந்தையைச் சந்தித்தோம். இரவு ஷிப்டு முடிந்து வந்து, களைப்போடு திண்ணையில் அமர்ந்திருந்தார். "நான் எட்டாம் வகுப்பையே தாண்டவில்லை சாமி. அவள் பாடத்தில் நான் என்ன கேட்பது?" என்று வருந்தினார்.

"புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். 'எனக்குப் புரியும்படி சொல்லம்மா' என்று கேளுங்கள். 'ஏன்?' என்று கேளுங்கள். 'அதற்கப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். தெரியாதவருக்கு விளங்கச் சொல்வதைவிட நல்ல பயிற்சி வேறில்லை" என்றோம். நாள்தோறும் அரைமணி நேரம் போதும் என்று உறுதியாயிற்று. பங்குனி வெயில் ஏறும்வரை அந்த வீட்டில் அது தவறவில்லை. சில நாள்களில் தந்தை கேட்டுக்கொண்டே உறங்கிவிடுவாராம். அப்போது அவள் தம்பியைப் பிடித்து உட்காரவைப்பாளாம்.

அடுத்து, மேற்படிப்பைப் பற்றிய வினா எஞ்சியிருந்தது. இங்கேதான் நம் பழைய காயம் வலித்தது.

நெய்வேலியைச் சுற்றியுள்ள இல்லங்களில் இவ்வினாவுக்குத் தனிச்சுமை உண்டு. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின், நிலம் கொடுத்த குடும்பங்களும் வேலை தேடி வந்த குடும்பங்களும் ஒரே கனவைப் பிள்ளைகளின்மேல் ஏற்றி வைத்தன: எப்படியாவது என்.எல்.சி.யில் நிரந்தர வேலை. ஆனால் அந்த வாயில் முன்போல் இல்லை. ஒப்பந்தப் பணியே பலருக்கு வாய்க்கிறது. பொறியியல் பட்டதாரிகளைப் பயிற்சியாளராக எடுக்கும்போதும் நாடு முழுவதற்குமான 'கேட்' தேர்வின் மதிப்பெண் கேட்கப்படுகிறது. தந்தையின் கனவு தவறன்று. அவர் கண்ட உலகின் வரைபடம் பழையது, அவ்வளவே. நம் வரைபடமும் பழையதே. நாம் பள்ளியை முடித்த 1980-களின் பிற்பகுதியில் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. 2007 முதல் பொறியியலுக்கு அது இல்லை. 2017 முதல் மருத்துவத்திற்கு 'நீட்' வந்துவிட்டது.

சுரங்கத்தில் பணியாற்றுவோர் ஒன்றை அறிவர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே சுரங்கம் நிலைக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சிலும் அத்தகைய நீர் உண்டு. அதனை வெளிக்கொணரக் கேள்வியும், கேட்டபின் பொறுமையான காத்திருப்பும் வேண்டும்.

பெற்றோர் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு, "மதிப்பெண்ணை மறந்துவிட்டுச் சொல். எந்த வேலையைச் செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தாள். தந்தை குறுக்கே பேச முயன்றார், கைகாட்டி நிறுத்தினோம். பின்னர் மெல்லச் சொன்னாள்: "அம்மாவின் சுய உதவிக் குழுக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தாலும், கண்டுபிடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது."

தாய் வியந்து பார்த்தார். குழுவில் அனைவரும் பாராட்டும் அந்தக் கணக்கேட்டை அவர் ஒரு திறமையாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

அதன்பிறகே நாம் அறிந்த பாதைகளை விரித்துச் சொன்னோம். பத்தாம் வகுப்புக்குப்பின் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் கொண்ட பிரிவும் மதிப்புக்குரியதே. கைத்தொழிலில் நாட்டமுள்ளோருக்கு ஐ.டி.ஐ. உண்டு. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்தவர், பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் இயலும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை போன்றவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியருக்கு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவருக்கு 2024-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. இவற்றை அறிந்து வைத்திருப்பது பெரியோரின் கடமை. இவற்றுள் ஒன்றைத் தேரும்போது பிள்ளையின் குரல் முதலில் ஒலிக்கவேண்டும்.

இன்னொன்றையும் அந்த வீட்டில் தேர்வுக்கு முன்பே பேசச் சொன்னோம். தவறினால் என்ன செய்வது என்பதே அது. அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு, ஓராண்டும் வீணாகாது. இதனை முடிவு வெளியான அன்று சொன்னால் ஆறுதலாக மட்டுமே ஒலிக்கும்; முன்பே சொன்னால் துணிவாக நிற்கும். மனம் மிக நொந்த பிள்ளைகளுடன் பேச 14417, 104 என்னும் எண்களில் ஆலோசகர்கள் உள்ளனர் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் தங்கிவிட்ட இயேசுவைப் பெற்றோர் கண்டபோது, அவர் போதகர் நடுவே அமர்ந்து, செவிமடுத்தும் வினவியும் கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். மகன் சொன்னது மரியாவுக்கும் சூசைக்கும் அன்று விளங்கவில்லை. எனினும் தாய் அதனைத் தள்ளிவிடாமல் உள்ளத்தில் வைத்துக் காத்தார். விளங்காதபோதும் கேட்டு வைத்துக்கொள்ளும் அந்தப் பொறுமையை நம் குடும்பங்களுக்காக நாம் அடிக்கடி மன்றாடுகிறோம்; நமக்காகவும்தான்.

சிறுமி சமூக அறிவியலில் அறுபத்து நான்கு பெற்றுத் தேறினாள். மாநிலமே திரும்பிப் பார்க்கும் மதிப்பெண்ணன்று. இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் பயில்கிறாள். தந்தைக்குத் தொடக்கத்தில் சிறு மனக்குறை இருந்தது. சென்ற ஞாயிறு கோயில் முற்றத்தில் நம்மைக் கண்டதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, பற்று எது, வரவு எது என்று நேற்று ராத்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாதிதான் விளங்கியது. இன்றைக்கு மறுபடியும் கேட்கவேண்டும்" என்றார்.